டிரம்மின் அடியில் ஒரு மாவிலை

திருத்தணி
ஞாயிறு மாலை

அன்புள்ள பாவாவுக்கு,

புவனா எழுதுவது. இங்கே நான், மாமா, கயல்விழி எல்லாரும் சுகம். எண்ணெயும் சுகம். இந்த மாதம் முழுக்க வீட்டில் ஆட்களைவிட எண்ணெயின் உடம்புதான் பெரிய கவலையாக இருந்தது, அதனால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பள்ளிப்பட்டு பச்சையப்பன் தறிக்கூடத்து ட்ரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை நாம் சுத்தம் செய்து கொடுத்தது, சோதனையில் தேறிவிட்டது என்று மத்தியானம் போனில் குதித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் "ஆங், பாக்கலாம்" என்று வைத்துவிட்டீர்கள். எனக்கு வந்த கோபத்தில் போனை அப்படியே எண்ணெய் வடிகட்டும் முல்தானி மண் மூட்டையில் சொருகிவிட்டு வந்தேன். கயல்தான் தேடி எடுத்தாள்.

உங்கள் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் தடவை தேறவில்லை என்றதுமே நாம் வாங்கிப் போட்ட சுத்திகரிப்பு இயந்திரம் மோசம், இதை நம்பி ஊருக்கு வர முடியாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். மாதக் கடைசியில் அங்கேயே இன்னும் மூன்று வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். இயந்திரத்தின் மேல் குற்றமே இல்லை பாவா. நடந்தது வேறு. அதைப் போனில் சொல்ல வழியில்லை. மணி அடித்தாலே உங்கள் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். கே.ஜி.கண்டிகை கந்தன் அண்ணன் நாளை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

பச்சையப்பன் முதலில் அனுப்பிய பழைய எண்ணெயை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடுங்காப்பி நிறம், குடலைப் பிடுங்கும் வாடை. நீங்கள் அங்கே எண்ணெய் ஆலையில் வானத்தைத் தொடும் கோபுரங்களை வைத்துக்கொண்டு செய்கிற வேலையை நான் இங்கே ஒரு தகரக் கொட்டகையில் செய்தேன். சூடேற்றி, ஈரத்தை உறிஞ்ச விட்டு, முல்தானி மண் வழியாகத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் முகத்துக்குப் பூசிய மண், இப்போது இப்படி உதவுகிறது. கடைசியில் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கயலின் பாடப் புத்தகத்தின் மேல் வைத்தால் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அவ்வளவு சுத்தம். சூடு ஆறட்டும் என்று டிரம்மின் மூடியைத் திறந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அங்கேதான் வினை.

பச்சையப்பன் வரவழைத்த சோதனைக்காரர் எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, உள்ளே இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே மின்சாரத்தைக் கூட்டினார். அளவு காட்டும் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது, அதற்குள் 'படீர்' என்று பொறி பாய்ந்துவிட்டது; நல்ல எண்ணெய் என்றால் தாங்கியிருக்கும். பச்சையப்பன் ஒன்றும் திட்டவில்லை. "சரிம்மா, நான் மெட்ராஸ் கம்பெனிக்கே சொல்லிக்கிறேன்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து அந்த எண்ணெயில் ஒரு சொட்டைக் காய்ந்த தோசைக்கல்லில் விட்டேன். கடுகு தாளித்த மாதிரி வெடித்தது. எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. நான் அவ்வளவு உறிஞ்சி எடுத்த பிறகு எங்கிருந்து வந்தது? டிரம்மை அடிவரை வடித்தேன். அடியில் ஒரு மாவிலைத் துணுக்கும், சுற்றி மஞ்சள் தண்ணீரும்.

புரிந்துவிட்டதா? நான் குளிக்கப் போன நேரத்தில் மாமா செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலையால் கொட்டகை, இயந்திரம், திறந்திருந்த டிரம் எல்லாவற்றுக்கும் தெளித்திருக்கிறார். நம் முதல் சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "டிரம்முக்கும் தெளிச்சீங்களா மாமா?" என்றதற்கு, "அதுக்குத்தாம்மா ரெண்டு கை அதிகமாவே போட்டேன்" என்கிறார். இந்த மனிதரிடம் என்ன சொல்ல?

சொல்லவில்லை. பச்சையப்பன் வீட்டு வாசலில் போய் நின்று இன்னொரு தடவை கேட்டேன். அவர் மனைவி ரஞ்சிதம் அக்கா எனக்காகப் பேசினார். திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன். இந்தத் தடவை டிரம் நிறைந்த கையோடு மூடியை இறுக்கிவிட்டு, "எண்ணெய்க்குக் கண் பட்டுடும் மாமா, மூடி மேலயே பூசை போட்டுடலாம்" என்றேன். "ஆங், இது எனக்குத் தோணல பாரு" என்று மூடிக்கு மேலே ஒரு பெரிய குங்குமப் பொட்டு வைத்தார்.

இன்று காலை அதே கிண்ணம், அதே குண்டுகள். முள் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. பொறி வரவே இல்லை. சோதனைக்காரர் தன் பெட்டியைத் தட்டிப் பார்த்து இன்னொரு முறை ஏற்றினார். அப்போதும் தாங்கியது. பச்சையப்பன் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். மதியத்துக்குள் எண்ணெயை ஊற்றி மின்சாரம் விட்டார்கள், தறிகள் எல்லாம் சேர்ந்து ஓடிய சத்தத்தில் தரையே அதிர்ந்தது பாவா. அடுத்த தெருத் தறிக்கூடக்காரர்கள் அங்கேயே வந்து தங்கள் எண்ணெயை எப்போது எடுத்துக்கொள்வாய் என்றார்கள். பச்சையப்பன் மட்டும், "ஒண்டிப் பொம்பள, எத்தினி பேருதுன்னு பாப்பே?" என்றார். இதுவரை பார்த்தது யாராம் என்று கேட்டுவிட்டேன். ஆனாலும் டிரம் உருட்ட எனக்கு ஆள் வேண்டும். உங்களுக்கு வேலை தயாராக இருக்கிறது.

மாமா இதெல்லாம் தணிகை முருகன் செயல் என்கிறார். ஆமாம் என்றேன். முதல் தடவை தேறாதபோது நமக்குத் தெரியாமல் மலைக்குப் போய் வேண்டிக்கொண்டிருக்கிறார்: எண்ணெய் தேறினால் ஆடிக் கிருத்திகைக்கு என் பிள்ளை காவடி எடுப்பான் என்று. வேண்டியது அவர், தோள் உங்களுடையது. சாயங்காலமே சன்னதித் தெருவுக்குப் போய் மயில் இறகு வாங்கி வந்து, காவடியை உங்கள் உயரத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார். கயல் அவர் எதிரில் உட்கார்ந்து, "நைனா இன்னும் கொஞ்சம் ஒசரம் தாத்தா" என்கிறாள்.

அவள் சொல்வது சரிதானா என்று என்னைக் கேட்டார்கள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வந்து நின்று காட்டுங்கள் பாவா. அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

முருகன் துணை.

உங்கள்
புவனா