டிஸ்க்கில் குறையில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் நான் ஏற விடுவதில்லை. உன் தம்பி மேலதிகாரியைக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டான், ஆகவே புது வேலையில் நிலைத்துவிடுவான் என்று தோன்றுகிறது.

உங்கள் ஆய்வுக்கூடத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நீ பேசியதை டிவிடியில் போட்டு அனுப்பினாயே, பார்த்தீர்களா என்று நீ இரண்டு தடவை கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. முதலில் நம் கம்ப்யூட்டரில் அது சரியாக ஓடவில்லை. இரண்டு நொடி ஓடும், நிற்கும், நீ கையைப் பாதி தூக்கியபடி நிற்பாய், பிறகு படம் தாவிப் போகும். டிஸ்க்கைக் கண்ணாடித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன், திறந்திருந்ததையெல்லாம் மூடினேன், அணைத்துப் போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. டப்பாவை உடைக்க வேண்டியதுதான் என்று நாலு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் எதிர் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். பின்னால் வைரஸ் தேடும் வேலை ஓடிக்கொண்டே இருந்ததாம், அதை நிறுத்தினார். டிரைவ் மெதுவாகப் படிக்கிறது என்று படத்தை முழுவதும் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்து ஓடவிட்டார். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. ஆனால் உன் குரல் மட்டும் நடுநடுவே நின்றது. படம் சரியாயிடுச்சு, சத்தம் இன்னும் சிக்குதும்மா என்றேன். அவர் திரையைக் காட்டி, சார், படத்துல பின்னாடி ஃபேன் நிக்காம சுத்துது பாருங்க, டிஸ்க்ல குறையில்ல, உங்க பொண்ணு பேசுறதே அப்படித்தான் சார் என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் போன பிறகு அம்மாவிடம், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். முதல் தடவையே தெரிஞ்சுது என்றாள். பின்னே ஏன் சொல்லல என்றேன். நீங்க மிஷினைத்தான் திட்டிட்டிருந்தீங்க, அவளைத் திட்டலையேன்னு பேசாம இருந்தேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

உன் திக்கல் எப்போதோ போய்விட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். நீ என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாய், அதை நான் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். நான் நடத்திய டைப் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தட்டுவதுபோல உன் முன்னாலும் ஸ்கேலால் மேஜையைத் தட்டி, ம், சீக்கிரம் என்பேன். நீ சொல்ல வந்த வார்த்தையை நானே சொல்லி முடிப்பேன். உதவி என்று நினைத்தேன். இன்னொன்றும் இருக்கிறது, அதை உனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் ஆண்டு விழாவில் பேச நீ பேர் கொடுத்தாய். பட்டியலில் இடமில்லையாம் என்று நான் வந்து சொன்னேன், நீ சரிப்பா என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தாய். இடம் இருந்தது, மகளே. தலைமை ஆசிரியரிடம் போய் உன் பேரை அடிக்கச் சொன்னது நான்தான். நாலு பேர் சிரிப்பார்கள் என்று உனக்காகப் பயந்தேன் என்று இத்தனை வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பயந்தது எனக்காகத்தான்.

நேற்றுப் பிற்பகல் தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். கிணற்று நீரில் உப்பு ஏறுவதைப் பற்றி நீ சொல்லிக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் நீண்ட நேரம் ஒரு வார்த்தை வரவில்லை. என் வாயில் அது வந்துவிட்டது. அங்கே முன்வரிசையில் ஒருவர் கூட அசையவில்லை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நீயும் தலை குனியவில்லை. வார்த்தை வந்தது, மேலே போனாய். அந்த முகங்களில் ஒன்றாக நான் ஒரு நாளும் இருந்ததில்லை.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. நீ நிறைவாக, தலை நிமிர்ந்து வாழ இருவரின் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்யும்போது நான்தான் எடுப்பேன். அம்மாவிடம் கொடுத்துவிட மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நீ சொல்லி முடி.

காத்திருக்கும்
அப்பா