அவள் கேட்காத மன்னிப்பு

சனிக்கிழமை, இரவு.

நாவற்குடாவில் இன்று எங்கள் திரைப்படச் சங்கம் பழைய ஜப்பானிய ஊமைப்படம் ஒன்றைப் போட்டது. அந்தக் காலத்து வழக்கப்படி திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்ல வேண்டும். தமிழ் வசனம் முழுவதும் நான் எழுதியது. சொன்னவர் தலைவர் ரவி அண்ணன். "பொம்புளக் குரலையும் நானே பேசுறன். கூத்துல பேசாததா?" என்றார்.

படத்தில், அடிக்கிற புருஷனை விட்டுப் போகிறவள் வாசலில் திரும்பி, "இனி வரமாட்டேன்" என்கிறாள்; நான் எழுதியது அதுதான். ரவி அண்ணன் அவள் வாயில் "என்ன மன்னிச்சிடுங்க" என்று போட்டார். அவள் முகத்தில் மன்னிப்பு ஒரு துளியும் இல்லை. சனம் கைதட்டியது.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"இல்லாட்டி சனம் அவளப் பத்தி என்ன நினைக்கும் புள்ள? போய் எல்லாருக்கும் தேத்தண்ணிய ஊத்து."

அவளுக்குத்தான் குரல் இல்லை. எனக்கென்ன கேடு? ஊற்றிக் கொடுத்தேன். சீனி போதுமா என்றும் கேட்டேன்.