மரமென்று எழுதிய சுவர்

கோபன்ஹேகன், டிசம்பர் 12

அன்புள்ள அப்பா,

தீர யோசித்து, இனிப் பேனாவை விட்டுப் பென்சிலால் வரைவதென்று முடிவெடுத்திருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா நலமா?

கல்லூரிக் கட்டடங்களை வரைந்து, எது எதனால் கட்டப்பட்டது என்று குறிக்கச் சொன்னார்கள். நூலகச் சுவரில் மர ரேகை தெரிந்ததால் 'பைன் மரம்' என்று மையால் எழுதினேன். அது கான்கிரீட், வார்ப்புப் பலகையின் ரேகை அதில் பதிந்திருக்கிறது.

"உங்கப்பா தச்சருன்னுதானே சொன்னே, ரோயி?" என்றார் ஆசிரியை பெண்டே. "போய் ஒரு தட்டு தட்டிப் பாரு."

தட்டினேன். விரல் வீக்கம் வடிந்துவிட்டது.

விரல்நுனி இல்லாத கம்பளிக் கையுறையும் உலர்ந்த ஆட்டிறைச்சியும் அனுப்புங்கள். இறைச்சி ஒருவருக்குப் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி வரைந்து இருபத்து மூன்றாம் தேதி காட்டினால்தான் தேர்ச்சி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசிக் கப்பல் இருபதாம் தேதியே நம்மூர் டோர்ஸ்ஹவ்னுக்குக் கிளம்புகிறது.

ரோயி