சுறா எண்ணெய் தடவிய ரப்பர் வளையங்கள்

ஆனி 3, திங்கள்
பேய்க்காற்று. வாயெல்லாம் மணல். கடற்கரை ஊருக்குப் போகும் தண்ணீர்க் குழாயில் மறுபடி கசிவு, ஒரே மாதத்தில் ஆறாவது. தோண்டிப் பார்த்தோம். சிமெண்ட் குழாயில் ஒரு கீறல் இல்லை. இரண்டு குழாயும் சேரும் இடத்தில் அழுத்திப் பொருத்திய ரப்பர் வளையம்தான் ஊறி, உப்பி, பிசுபிசுவென்று கையோடு வந்தது. பேரன் காலம்வரை உழைக்கும் என்றான் கம்பெனிக்காரன். போட்டு மூன்று வருஷம்.

முகர்ந்தேன். மீன் வாடை.

ஆனி 4
காரணம் எனக்குத் தெரியும். இங்கே மட்டும் எழுதுகிறேன். வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவித்தான் உள்ளே தள்ள வேண்டும். குழாய் பதித்த அன்று அங்கே உப்புக் கிணறு மட்டும். சோப்பு நுரைக்கவே இல்லை. நல்ல தண்ணீர் குடிக்கவே போதாது. அந்த ஊர் மீனவர் காசிம் பாய், தன் வள்ளத்துக்குப் பூச வைத்திருந்த சுறா எண்ணெயைத் தகரத்தோடு தூக்கிக் கொடுத்தார்.

"இதைத் தடவுங்க மேஸ்திரி, வழுக்கிக்கிட்டுப் போகும்."

போனது. எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும் என்று இந்த மடையனுக்குத் தெரியவில்லை. இருநூற்றுச் சொச்சம் இணைப்பு. எல்லாவற்றிலும் அதே எண்ணெய், நான் சொல்லித் தடவியது.

ஆனி 6
வாங்க: பீடி, சைக்கிள் டியூப், தலைவலி மாத்திரை.

ஓவர்சியரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

"மண்ணுல உப்புன்னு எழுதிட்டேன்யா. நீ வாயைத் தொறக்காத."

"புது வளையம் சார்?"

"பன்னெண்டு வரும். தீவாளிக்கு அங்கிட்டு."

பன்னிரண்டு! வைத்து என்ன செய்ய?

ஆனி 9, ஞாயிறு
காசிம் பாய் வீடு தேடி வந்தார். மகனுக்குத் தொண்டிப் பக்கம் பெண் பேசியிருக்கிறார். தண்ணியில்லாத ஊர் என்று முன்பு இரண்டு இடம் தட்டிப்போனதாம்.

"குழா வந்த பொறகுதான் சம்மதிச்சிருக்காக. புதங்கிழமை ஊரைப் பாக்க வாராக. அன்னைக்கு மட்டும் தண்ணி நிக்காமப் பாத்துக்கங்க மேஸ்திரி."

சொல்லிவிட வாயெடுத்தேன். என் கையில் கருவாட்டுப் பொட்டலத்தைத் திணித்தார். சொல்லவில்லை. கோழை.

ஆனி 12, புதன்
வெயில். கா. 7க்கே போய் மற்றத் தெரு வால்வுகளை அடைத்தேன். மேலத்தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்து ஏசினார்கள். வாங்கிக்கொண்டேன். பாய் வீட்டு முன் குழாயில் மட்டும் ஜோராகக் கொட்டியது. பெண்ணின் தகப்பனார் இரண்டு கையும் ஏந்திக் குடித்தார்.

"நல்ல தண்ணி. மணல்ல ஊத்துத் தோண்டித் தோண்டி எம்புள்ள கையெல்லாம் காச்சுப்போச்சு. இங்கன அந்தக் கஷ்டம் இல்ல." என் பக்கம் திரும்பினார். "இது நிலைக்குந்தானே மேஸ்திரி?"

பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிலைக்கும்" என்றேன்.

அடுத்த மாதமே நிக்காஹ்.