பீச்சாங்கை விரல்

கோயம்புத்தூர்
3.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

யுவராணி எழுதுவது. அண்ணி நலமா? இத்துடன் ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறது. தலைமுடியைவிட மிக மெல்லிய கார்பன் இழைகளை ரப்பரில் பதித்து எங்கள் ஆய்வகத்தில் செய்தது. விரல் மடங்கினால் பட்டை இழுபடும். எவ்வளவு இழுபட்டது என்பது உன் போன் வழியாக எனக்கு வந்துவிடும். தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டும் கைக்குத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இடது ஆள்காட்டி விரலில் ஒட்டிக்கொள்.

உன் தங்கை,
யுவராணி

அம்பத்தூர்
9.6.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஒட்டிக்கொண்டேன். கம்பெனியில் இஸ்மாயில் பாய், "இன்னா மாமே, பீச்சாங்கைக்கு நகை போட்டுகினு வந்துகீற?" என்று ஒரே கிண்டல். என் தங்கச்சி செய்தது என்று பெருமையாகச் சொன்னேன். எழுதுவதும் எனக்கு இந்தக் கைதானே! இதை எழுதும்போது விரல் மடங்குவது உனக்குத் தெரிகிறதா?

அன்புடன்,
டில்லிபாபு

கோயம்புத்தூர்
17.6.2025

அண்ணா,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், அப்போதுதான் கை வெளியே இருக்கும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். உன் இடது விரல் நான்கு மணி நேரமாகத் தகட்டை மட்டும் பிடிக்கிறது. பட்டனை ஒருமுறைகூட அமுக்கவில்லை. அந்தப் பட்டனை அமுங்கியபடியே கட்டி வைத்துவிட்டாய்தானே? துலுக்கானம் மாமாவுக்கு மூன்று விரல் போனது இப்படித்தானே? பயமாக இருக்கிறது. அவிழ்த்துவிடு.

யுவராணி

அம்பத்தூர்
22.6.2025

யுவராணிக்கு,

ஆமாம், சைக்கிள் டியூபால் கட்டினேன். எல்லோரும்தான் கட்டுகிறார்கள். கட்டாவிட்டால் ஒரு நாளைக்குக் கேட்கிற எண்ணிக்கை வராது. சூப்பர்வைசர் மனோகரன் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். என்னை வேவு பார்க்கவா பட்டை அனுப்பினாய்? உன் வேலையைப் பார்.

டில்லிபாபு

கோயம்புத்தூர்
26.6.2025

அண்ணா,

கோபப்படாதே. மனசு கேட்கவில்லை. பட்டையில் பதிவானதை வைத்து உன் முதலாளிக்கே எழுதிவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை.

யுவராணி

அம்பத்தூர்
4.7.2025

பெயர் போடாவிட்டால் என்ன? விரலில் பட்டையோடு சுற்றுகிறவன் நான் ஒருத்தன்தானே! பதினெட்டு வருஷம் ஓட்டிய மிஷினிலிருந்து எடுத்து என்னை பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். "போ, போயி உன் தங்கச்சிகிட்ட சொல்லு" என்று மனோகரன் எல்லோர் எதிரிலும் சிரித்தான். இஸ்மாயில் பாய்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இனி எனக்கு எழுதாதே.

டில்லிபாபு

கோயம்புத்தூர்
14.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். உன் விரலுக்காக இன்னொரு தடவையும் அந்தத் தப்பைச் செய்வேன்.

பட்டையை நீ இன்னும் கழற்றவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் விரல் மடங்கத் தொடங்கியது. முதல் கடிதம் எழுதும்போது எப்படி மடங்கியதோ அப்படியே. நாற்பது நிமிஷம். கடைசியில் ஒரே ஒரு முறை இறுக்கமாக மடங்கி, அப்படியே இருந்தது. கசக்கிவிட்டாய் போலிருக்கிறது.

கசங்கினது பரவாயில்லை, அதையே அனுப்பு அண்ணா.

உன் தங்கை,
யுவராணி