உங்கள் முழம் எத்தனை சென்டிமீட்டர்?

வெள்ளிக்கிழமை காலை அம்மன் சன்னதியில் இருந்தவர்கள்: நான், நம் மகள் கவிதா, குருக்கள், பூக்கடை மீனா அக்கா. நீங்கள் இல்லை. அதனால்தான் மாலை எட்டவில்லை.

எப்போதும்போல் ஐந்து முழம் மல்லிகைதான். பாதத்தில் புரள வேண்டிய சரம் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. மல்லிகை மணக்கிறது, எனக்கோ உங்கள்மேல் எரிச்சல்.

"எவ்வளவு சாமி குறையுது?"

"ஒரு சாண் இருக்கும்மா."

யாருடைய சாண்? "உள்ளே அளந்து பாருங்களேன்" என்றேன். "அம்மனுக்கு டேப் வைக்கச் சொல்றீங்களா?" என்று திரை போட்டுவிட்டார்.

லிட்டில் இந்தியாவில் நீங்களே கை நீட்டி அளந்து வாங்குவீர்கள். "அண்ணே, இது கையா, ஒராங் ஊத்தான் குரங்குக் கையா? எனக்குக் கட்டுப்படியாகாதுலா!" என்று மீனா அக்கா கத்துவார். இப்போது அவர் தன் குட்டைக் கையால் அளக்கிறார். முழத்துக்கு நாலு விரல் குறைந்தாலும் ஐந்து முழத்தில் அது ஐந்து மடங்காகிவிடுகிறது.

கவிதா நாலாம் படிவத்தில் படித்த இயற்பியல் புத்தகத்தை நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேனே, முதல் பாடமே அலகுதான். எண் மட்டும் போதாது, அலகு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அன்று உங்களிடம் வாசித்துக் காட்டி, உங்கள் கையை அளக்க டேப்போடு வந்தேன். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டீர்கள்.

"நான் என்ன சட்டைத் துணியா? மீட்டரெல்லாம் உன் பாடத்துக்குலா. அம்மனுக்கு என் கைதான் கணக்கு."

கவிதாவுக்குக் காய்ச்சல் விட்டால் ஆடி வெள்ளிதோறும் "என் கையால அஞ்சு முழம்" என்று நேர்ந்ததும் நீங்கள்தான். நேர்ந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நேர்த்திக்கடன் என் தலையில்.

"ஆறு முழமா வாங்கிட்டா முடிஞ்சிச்சுலா, மா" என்கிறாள் உங்கள் மகள். கூடப் போட்டால் கணக்கு சரியாகிவிடுமா? அம்மனிடம் சொன்னது ஐந்து. அதுவும் உங்கள் கையால்.

நேற்று உங்கள் முழுக்கைச் சட்டையை மேசையில் விரித்தேன். முழங்கை ஊன்றி ஊன்றித் துணி தேய்ந்த இடம் தெரிந்தது. அங்கிருந்து மணிக்கட்டு வரை இருபத்தெட்டு சென்டிமீட்டர். அதற்குமேல் சட்டை இல்லை. நடுவிரல் நுனிவரை எவ்வளவு? இத்தனை வருடம் பிடித்திருந்த கை. கண்ணை மூடினால் அதன் சூடு தெரிகிறது, நீளம் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்குள் பதில் சொல்லுங்கள். சென்டிமீட்டரில்.