இடப்பக்கம் பறக்கும் குருவி

3 மார்ச் 2025, திங்கள்

நண்பர் கனகசுந்தரத்தின் மகள் பிரேமளா போன் செய்தாள். "அங்கிள், நம்ம சாயாப் ஜெர்சி கம்பெனிக்கு நாப்பது வருஷம். கூலாய் ஃபேக்டரி சுவர்ல அதோட கதைய போடப் போறோம். அப்பாவும் போயிட்டாரு, நீங்கதான் எழுதணும் லா."

நானா? நீர்ப்பாசன இலாகாவில் வாய்க்கால் வரைந்தவன். சரி, ஒழுங்காகத் தொடங்குவோம்:

1. 1985, தங்காக்: கனகசுந்தரம் இரண்டு தையல் மெஷின்களோடு தொடங்கியது.
2. சின்னம்: பறக்கும் குருவி. வரைந்தவன் நான்.
3. குருவி இடப்பக்கம் திரும்பியது: அச்சடித்த தங்கராஜு, என் படத்தின் அச்சு ஃபிலிமைப் புரட்டி வைத்த பிழை.
4. அந்தக் குருவியால்தான் ஜெர்சி விற்றது.

நான்கும் உறுதி.

6 மார்ச்

என் பென்சில் படம் கோப்பில் கிடைத்தது. குருவி வலப்பக்கம்தான் பறக்கிறது. மூன்று முறை பார்த்தேன். என் கை சுத்தம்.

9 மார்ச், ஞாயிறு

எழுதியதைச் சரிபார்க்க லாயாங் லாயாங் ஊருக்குப் போய்த் தங்கராஜுவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கே மொதலாளி என்னைய நிறுத்திட்டாரு. நான் பொரட்டல சார். அப்பவும் சொன்னேன், யாரு கேட்டா? இப்ப சுவத்துல வேற போடப் போறீங்க. போடுங்க. ஊரே படிக்கட்டும்."

பாதித் தேநீரோடு எழுந்து வந்துவிட்டேன்.

10 மார்ச்

மூன்றாவதை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, பென்சிலில்.

14 மார்ச், வெள்ளி

கனகசுந்தரத்தின் மனைவி கோமளாவிடம் கேட்டேன் — அன்று ஃபிலிமை வேறு யாராவது தொட்டார்களா?

"நான்தான் பொரட்டினேன்."

சாவகாசமாகச் சொன்னார்! ஒரு ஜெர்சியை எடுத்து என் இடது மார்பில் வைத்துக் காட்டினார். "இங்கதானே குருவி வரும்? நீங்க வரைஞ்சபடி அடிச்சா அது கம்கட்டையே பாக்கும் அண்ணே. மோந்து பாக்கற மாதிரி! தங்கராஜு சாப்பிடப் போன நேரம் உரிச்சுப் பொரட்டி ஒட்டிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"எங்க வீட்டுக்காரரு கத்தின கத்துல பயந்துட்டேன். அப்புறம் நல்லா வித்துச்சு. யாரும் என்னைக் கேக்கல. நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நாற்பது வருஷம். படத்தை மேசையில் வைத்து எத்தனை முறை பார்த்திருப்பேன் — ஒரு தடவையாவது ஒரு மார்பில் வைத்துப் பார்த்தேனா? ஒரு ஆளோட பொழப்பே போச்சே.

16 மார்ச், ஞாயிறு

மூன்றாவதைப் புதிதாக எழுதினேன்: 'குருவியைச் சரியான பக்கம் திருப்பியவர் கோமளா. தங்கராஜு பிழை செய்யவில்லை. செய்தார் என்று நாற்பது ஆண்டுகள் சொன்னவன், இதை எழுதும் விஜயேந்திரன்.'

பிரேமளா தயங்கினாள். "அலமாக், அங்கிள்! உங்க பேரோட சுவர்ல வேணுமா?"

"போடு" என்றேன். என் குரல்தானா அது?

12 ஏப்ரல், சனி

கூலாயில் திறப்பு விழா. தங்கராஜு சுவர் முன் நின்று மூன்றாவதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு கோமளாவைப் பார்த்து, "நல்லா மாட்டி விட்டீங்கம்மா" என்றார். கோமளா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

மதிய உணவுக்குத் தங்கராஜு எனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அன்னிக்கு தேத்தண்ணிய பாதியில வச்சிட்டுப் போனீங்க. இன்னிக்கு முழுசா குடிங்க சார்."

குடித்தேன்.

மார்ச் 3 அன்று 'நான்கும் உறுதி' என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவது தவறு.